பவுனு கடிக்கவில்லை

பவுனு என்னைக் கடிக்கவில்லை. கடித்தது என்று நான்தான் சொன்னேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு என்னைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. தெரிந்தவர்கள் அத்தனை பேரும் என் பேச்சை நம்பிவிட்டார்கள்... ஒருவராவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா!

மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய தெருவில் தனியாக இருக்கிறேன். நானும் உப்பு சுமந்தவள்தான். தலையில் கூடையோடு லாரிக்கு ஏறும் பலகையில் ஒருநாள் கால் வழுக்கியது. முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவும் உறைக்காது. சுட்டாலும் தெரியாது, கிழித்தாலும் தெரியாது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலியும், இரண்டு வீடு தள்ளி இருக்கும் தங்கை ஸ்டெல்லா நூலகத்திலிருந்து எடுத்துவரும் புத்தகங்களும்தான். என் எழுத்தில் புத்தக வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உப்பு வாரும் மாதங்களில், விடிவதற்குள் தெருவே காலியாகிவிடும். பத்து மணிக்கு மேல் ஒவ்வொருவராகத் திரும்புவார்கள். அதுவரை நானும் சுவரும். என் கையிலிருந்து எது விழுந்தாலும் குனிந்து எடுக்க என்னால் ஆகாது. சீப்பு விழும், போன் விழும். "யாராவது வாங்களேன்!" என்று குரல் கொடுப்பேன். எதிர்வீட்டு மேரி திரும்பியிருந்தால் வருவாள். எடுத்துக் கொடுத்துவிட்டு, வந்ததற்கு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவாள்.

மெய்யைச் சொல்லிவிடுகிறேன்... சில நாட்கள் சீப்பை வேண்டுமென்றே போட்டிருக்கிறேன்.

புதுச்சேரி போகும் சாலையில் ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ நாய்களைப் பழக்கித் தருகிறவர்கள். அங்கே பயிற்சி தரும் கவிதா என்கிற பெண்தான் பவுனுவைக் கூட்டிவந்தாள். பொன்னிறத்தில் ஒரு பெட்டை நாய். கவிதா பல வாரம் தினமும் வந்து, நாய்க்கு என்னையும் எனக்கு நாயையும் பழக்கினாள்.

அடடா, என்ன நாய் அது! விழுந்ததை வாயில் கவ்வி மடியில் வைக்கும். கதவுப்பிடியில் கட்டிய துணியை இழுத்துத் திறக்கும். தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவரும். மூக்கால் சுவிட்சைத் தட்டி விளக்குப் போடும். நான் அழுதால் மடியில் தலையை வைத்துக்கொள்ளும், அதையும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். தெருவே வந்து வேடிக்கை பார்த்தது.

பிறகு தெரு வருவதை நிறுத்திக்கொண்டது.

யாரையும் குறை சொல்ல முடியாது. முன்பெல்லாம் காலையும் மாலையும் வந்த ஸ்டெல்லா, காலையில் மட்டும் வந்தாள். பிறகு வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போனாள். "உனக்கு இன்னாக்கா, பவுனு இருக்குது! எனக்குத்தான் ஒத்தாசைக்கு ஆளில்ல" என்று சிரித்தாள். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், உப்பள வேலை, குடிக்கிற புருஷன். என்னிடமிருந்து அவளுக்குக் கொஞ்சம் விடுதலை கிடைத்தது. அதற்கு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா?

ஒருநாள் சீப்பைப் போட்டுவிட்டு மேரியைக் கூப்பிட்டேன். அவள் செருப்பை மாட்டுவதற்குள் பவுனு சீப்பை என் மடியில் வைத்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. மேரி வாசலோடு திரும்பினாள். எனக்கு வேண்டியது சீப்பு அல்ல, மேரி! இதை ஒரு நாய்க்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

கடித்தது என்று நான் சொன்ன அந்த மத்தியானம் நடந்தது இதுதான். பின்வாசலில் சாத்தியிருந்த பழைய தகரத்தை உரசிக்கொண்டு நாற்காலியை உள்ளே தள்ளினேன். தகரம் என் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. எனக்குத் தெரியவில்லை. பவுனு குரைத்தது. காரணமில்லாமல் குரைக்கிற நாய் அல்ல அது, எனக்கோ எரிச்சல். "சும்மா இரு!" என்று அதட்டினேன். நைட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. காலை நக்கியது. மறுபடி குரைத்தது. நான் புத்தகத்திலிருந்து தலை எடுக்கவில்லை.

சத்தம் கேட்டு ஸ்டெல்லா ஓடிவந்தாள். தரையில் ரத்தம். நாயின் வாயெல்லாம் ரத்தம்.

"ஐயோ அக்கா! கடிச்சிடுச்சா?"

குனிந்து பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அதற்குள் ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அழுதாள். தன் முந்தானையையே கிழித்துக் கட்டினாள். "எக்கா... எக்கா..." என்று என் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அவள் கை என் காலில் இருப்பது எனக்கு உறைக்கவில்லை, கண்ணால்தான் பார்த்தேன். பார்த்ததே போதுமாக இருந்தது!

"ஆமா" என்றேன்.

பதற்றத்தில் வந்த ஒரு சொல் என்று நீங்கள் என்னைத் தப்பிக்க விடலாம். விடாதீர்கள். மறுநாள் காலை, யாரும் இல்லாத நேரத்தில், பின்வாசலுக்குப் போனேன். தகரத்தின் விளிம்பில் ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு குச்சியில் ஈரத்துணியைச் சுற்றி, சுத்தமாகத் துடைத்தேன். கட்டிப்போட்டிருந்த பவுனு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் கவிதா வந்தாள். நேரே நாயிடம் போய் அதன் வாய்க்குள் கையை விட்டாள். அது அசையவில்லை.

"குட்டியிலேருந்து நான் வளத்ததுக்கா. கோவிச்சுக்காம யோசிச்சு சொல்லுங்க... நெஜமாவே கடிச்சுதா?"

"அப்போ எங்கக்கா பொய் சொல்றாங்களா?" ஸ்டெல்லா பாய்ந்தாள். "ரத்தத்த நான் என் கண்ணால பாத்தேங்க!"

எனக்காக இப்படிச் சண்டை போட ஒருத்தி! நான் தலையைக் குனிந்துகொண்டேன். "கடிச்சுதும்மா" என்றேன். அழுகை வந்துவிட்டது. அழுவதைப் பார்த்ததும் பவுனு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து என் மடியில் தலையை வைத்தது. கவிதா அதன் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினாள். ஒருமுறை கடித்த நாயை அவர்கள் வேறு யாருக்கும் தரமாட்டார்கள். அது எனக்கு முன்பே தெரியும்.

நான் கேட்டது கிடைத்தது. ஸ்டெல்லா தினமும் வந்து கட்டு மாற்றினாள். ஊசிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனாள். போகிற வழியெல்லாம் பேசினோம், சின்ன வயதில் பேசியதுபோல. மேரி மீன்குழம்பு கொடுத்தாள். என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அவை என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள்?

புண் ஆறிவிட்டது... ஸ்டெல்லாவுக்கு வேலை வந்துவிட்டது. அவ்வளவுதான்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எங்கள் பங்குச் சாமியார் நற்கருணையோடு வீட்டுக்கே வருவார். அவரிடம் பாவமன்னிப்புக் கேட்கும்போது பொறாமை, கோபம், ஜெபம் மறந்தது எல்லாம் சொல்வேன். இதை மட்டும் சொன்னதில்லை. சாமியார் மன்னித்துவிடுவார். பவுனுவுக்கு அதனால் என்ன லாபம்?

போன மாதம் கவிதா வந்தாள். இளைத்திருந்தாள். நாய்களைப் பழக்கும் வேலையை விட்டுவிட்டு, அதே இடத்தில் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறாளாம்.

"எனக்கு நாயப் பத்தி ஒண்ணும் தெரியலன்னு புரிஞ்சுபோச்சுக்கா. நம்பித்தானே குடுத்தேன்... வேற யாரையாவது இன்னும் மோசமா கடிச்சிருந்தா?"

பவுனு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கூண்டுலதான் இருக்குது. வாய்க்கட்டு போட்டுத்தான் வெளியவே வுடுறோம். யாராவது வீல்சேர்ல வந்தா மட்டும் எழுந்து நின்னுக்குது."

சொல்லியிருக்கலாம்! அந்த ஒரு நிமிஷம் என் கையில் இருந்தது. சொன்னால் கூண்டு திறந்திருக்கும். இந்தப் பெண் தன் வேலைக்குத் திரும்பியிருப்பாள். வாயைத் திறந்தேன்... அந்த நேரம் ஸ்டெல்லா டீயோடு உள்ளே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

கவிதா நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டாள். என் கெண்டைக்கால் தழும்பின்மேல் கையை வைத்தாள்.

"என்னை மன்னிச்சுடுங்கக்கா. நீங்க மன்னிச்சுட்டேன்னு சொல்லிக் கேக்காம எனக்குத் தூக்கம் வரல."

"பரவால்லம்மா. மன்னிச்சுட்டேன். மனசுல வெச்சுக்காத" என்றேன்.

ஆம்... மன்னித்தது நான்! அவள் முகம் தெளிந்ததை என் கண்ணால் பார்த்தேன். டீயைக் குடித்தாள். கிளம்பும்போது வாசலில் திரும்பி, "உங்களுக்குப் பெரிய மனசுக்கா" என்றாள்.

அதற்கும் தலையாட்டினேன்.