ஒரு சொல்லும் குறையாமல்

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு பழைய காலத்து மனிதரைப் பற்றிப் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு வாய்த்தவர் நானூறு வருடத்துக்கு முந்தைய ஹங்கேரியக் கவிஞர் ஒருவர். தன் அரசரின் தூதராகச் சுல்தானிடமும் பேரரசரிடமும் போய்வந்தவராம். அரண்மனைகளில் லத்தீனில் பேசினாராம், கவிதையை மட்டும் ஹங்கேரிய மொழியில் எழுதினாராம். மூன்று வாரம் கண்ணாடி முன்னால் நின்று பாடமாக்கினேன்.

பேச வேண்டிய அன்று காலையில், இன்டர்லாக்கன் என்ற சுவிஸ் ஊரில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்த அப்பா என்னைப் பள்ளிக்கூடம் போகவிடாமல் வதிவிட அனுமதி அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே எங்கள் தமிழ் வீடுகளில் பிள்ளைகள்தான் மொழிபெயர்ப்பாளர்கள். அதற்கு ஒரு வழக்கமும் இருந்தது. எதிரே இருக்கும் அதிகாரியைப் பற்றி அப்பா, "இவனுக்கு மண்டையில ஒண்டுமில்லையோ?" என்பார். நான் ஜெர்மனில், "அப்பாவுக்குச் சரியாக விளங்கவில்லையாம்" என்பேன். யாருக்கும் சேதமில்லை.

சென்னையில் படுத்த படுக்கையாகிவிட்ட பெரியப்பாவைப் பார்க்கப் போவதென்றால் அப்பாவுக்கு அந்த அனுமதி வேண்டும்; அது இல்லாமல் போனால் திரும்பி வரவிட மாட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரியோ, வேலைக் கடிதம் சரியில்லை, வேறு கொண்டுவாருங்கள் என்று மூன்றாம் தடவையாகச் சொன்னார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "பன்னிரண்டு வருசமா உங்கட எச்சில் கோப்பை கழுவிறன், என்னை ஏன் நாய் மாதிரி அலைக்கழிக்கிறியள் எண்டு கேள்!"

எனக்கோ என் பேச்சு பறிபோன ஆத்திரம். தூதர் ஒரு சொல்லையும் மாற்றக் கூடாது என்று என் கொப்பியில் நானே எழுதியிருந்தேன். ஒரு சொல்லும் குறையாமல், குரலையும் உயர்த்தி, ஜெர்மனில் சொன்னேன். அதிகாரியின் காது சிவந்தது. அடுத்த வருடம் வாருங்கள் என்று ஃபைலை மூடினார். பதினொரு வயதுப் பிள்ளையின் வாயால் வந்ததற்கு அந்த மனிதர் கொடுத்த தண்டனை அது. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பேருந்தில் அப்பா, "நீ ஏன் பிள்ளை அதைச் சொன்னனீ?" என்று மட்டும் கேட்டார். சொல்லச் சொன்னவரே அவர்தானே! என்ன அநியாயம்! இரண்டு நாள் அவரோடு நான் கதைக்கவில்லை.

அடுத்த கிழமை என்னைப் பேசவிட்ட ஆசிரியை, அரண்மனைகளுக்குப் புரியாத மொழியில் அந்தத் தூதர் ஏன் கவிதை எழுதினார் என்று கேட்டார். வேறு மொழியில் எழுத வராது போல, என்றேன்.

அந்தப் பனிக்காலத்தில் பெரியப்பா போய்விட்டார். அவருடைய செத்தவீட்டை அப்பா கைபேசியில் பார்த்தார். பக்கத்தில் நின்ற எனக்கு அப்போதும் விளங்கவில்லை, அன்று அவர் தமிழில் சொன்னது அந்த அதிகாரிக்கு அல்ல, எனக்கு மட்டும்தான் என்று.