எட்டுக்கும் மூன்றுக்கும் இரண்டு கட்டம்

மூக்கு திரையில் முட்டிவிடும்போல் குனிந்து, ஒரு ‘ண’வின் வயிற்றிலிருந்து ஒரே ஒரு சதுரத்தை அழிக்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார். மறுபடியும் வைக்கிறார். மின்பலகை செய்யும் எங்கள் அலுவலகத்தில் எழுத்து வரைபவர் அவர். பழைய வீடியோ கேமில் வருவதுபோல் குட்டிக் குட்டிச் சதுரங்களால் ஆன எழுத்துரு. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்.

“எல்லாருக்கும் ஒரே சைஸ் ரூம். ‘ர’ காலை நீட்டிப் படுத்துக்கும். ‘ணை’ வந்தாத்தான் முடக்கி உக்கார வைக்கணும்” என்பார். சட்டையும் கட்டம் போட்டதுதான். நாங்கள் வைத்த பெயர் ‘கட்டம்’. அவர் வராத நாளில், “இன்னிக்கு நமக்குக் கட்டம் சரியில்லை” என்று யாராவது சொல்லியே தீருவார்கள்.

கண் மருத்துவமனையில் வரிசை எண் காட்டும் பலகைக்கும் இந்த எழுத்துருவைப் போட்டவர் அவர்தான். சாதாரண எண்ணே போதும் என்ற மேலாளரிடம், “பாக்க லட்சணமா இருக்க வேணாமா?” என்று மல்லுக்கு நின்றார். பலகை வந்ததும் அங்கே எண்ணைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

சென்ற மாதம் கண்ணாடி மாற்ற அங்கே போனவர், கடைசி ஆளாக மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். காலியான கூடத்தில் வயதான ஓர் அம்மா மட்டும். கையில் எண்பத்து மூன்றாம் சீட்டு. பலகையில் 89.

“முப்பத்தொம்பதுதானே தம்பி ஓடுது? காலைலேர்ந்து உக்காந்திருக்கேன்.”

“எண்பத்தொம்பதும்மா” என்றார்.

செவிலியர் வந்தார். “எண்பத்திமூணு எப்பவோ போயிடுச்சேம்மா! டாக்டரும் கிளம்பிட்டாரு. போர்டைப் பாக்காம என்ன பண்ணீங்க?”

“என் கண்ணு சரியில்லம்மா, தப்பு என்னுதுதான்” என்று மன்னிப்புக் கேட்டார், இரண்டு பஸ் மாறி வந்த அந்த அம்மா.

“உங்க கண்ணு இல்லம்மா, என் எழுத்துன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊமைக்கோட்டானாட்டம் நின்னேன்.” எங்களிடம் இதைச் சொன்னபோது மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “மூணுக்கும் எட்டுக்கும் இடப்பக்கம் ரெண்டே கட்டம்தான் வித்தியாசம். கிட்டக்கப் பாத்தா பளிச்சுனு தெரியும். தூரத்துலேர்ந்து நான் ஒருநாளும் பாக்கல.”

அன்றே வேறு எண்களை வரைந்து கொடுத்துவிட்டார். மாற்ற இரண்டு வாரம் ஆகும் என்றது மருத்துவமனை. அதுவரை விடுப்புப் போட்டுவிட்டு, பலகைக்கு அடியில் நின்று ஒவ்வொரு எண்ணையும் உரக்கப் படித்தார். அங்கே வேலை பார்ப்பவர் என்று எண்ணி, கழிப்பறை எங்கே என்று அவரிடம் கேட்பார்கள். கூடவே போய்க் காட்டிவிட்டு ஓடி வருவார்.

ஒருநாள் பார்க்கப் போனேன். மருத்துவர் அறையிலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். “அந்த எண்பத்திமூணு அவங்கதான்” என்று முணுமுணுத்தார் கட்டம்.

“இந்தக் காலத்துல யாரு தம்பி இப்படிக் கூவிக் கூப்பிடறாங்க? நீங்க நல்லா இருக்கணும்.”

கட்டத்தின் முகம் சுண்டிப்போயிற்று. “அம்மா, அந்த போர்டு...” என்று இழுத்தார்.

வாசலில் அந்த அம்மா காலால் துழாவிச் செருப்பைத் தேடினார். இவர் சட்டென்று மண்டியிட்டு மாட்டிவிட்டார். மாட்டிய பிறகும், அந்தப் பாதத்தின்மேல் இருந்த கையை எடுக்கவில்லை.