இரயில் பாதையில் எனக்குப் பின்னால் நடந்தவர்கள்

எவரும் நடக்கக் கூடாத இடத்தில் நாள்தோறும் நடப்பதே என் உத்தியோகமாக இருந்தது. தோளில் சுத்தியல், இடுப்பில் திருகுச் சாவி, கையில் சிவப்பும் பச்சையுமாக இரு கொடிகள். தண்டவாளத்தில் தளர்ந்த ஆணிகளை இறுக்கியபடி மலைப்பாதைகளில் முப்பது ஆண்டுகள் நடந்து, அண்மையில் ஓய்வு பெற்றேன். நல்லது சொல்லி, அதைக் கேட்பாரின்றி வீடு திரும்பிய அனுபவமுள்ள வாசக அன்பர்களுக்கு இந்தக் குறிப்புகளில் புதிதாக ஒன்றும் இராது. துணை இருக்கிறது என்ற ஆறுதல் வேண்டுமானால் கிடைக்கலாம்.

காலை ஊர்வலம்

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த கொட்டகலைக்கு அப்பாலுள்ள பகுதிக்கு நான் மாற்றலாகி வந்த முதல் காலை. இருபுறமும் சுவர்போல் வெட்டப்பட்ட மலை. நடுவே ஒற்றைத் தண்டவாளம். பின்னால் பேச்சுக் குரல் கேட்டுத் திரும்பினேன். கூடையும் மழைக்குப் போர்த்தும் படங்குமாக எட்டுப் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தனர். பாதையில் நடப்பது சட்டப்படி குற்றம் என்பதை அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினேன். முன்னால் நின்றவர் பாக்கியம் என்னும் கொழுந்து பறிக்கும் பெண். வழி தவறி வந்த மனிதனைப் பார்ப்பதுபோல் என்னைப் பரிவோடு பார்த்துச் சொன்னார்:

“நீங்க நடக்கிறீங்கன்னா கோச்சி வராதுன்னுதானே அர்த்தம்? அதான் உங்க பின்னாலயே வாறோம், அண்ணே.”

ஒரு மணி நேரம்

கோச்சி என்று அவர்கள் சொல்லும் புகையிரதம் எதுவும் எனக்காக நின்றதில்லை. அது வரும்போது பாதையை விட்டுக் குதிக்கும் உரிமை ஒன்றுதான் எனக்கும் இருந்தது. இதைச் சொன்னால் பாக்கியம் நம்பவில்லை. கவர்மெண்ட் ஆளுக்குச் சொல்லாமலா கோச்சி விடுவார்கள் என்றார்.

அவருடைய நிலையையும் சொல்ல வேண்டும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும்போது சறுக்கி விழுந்த கணவர் படுத்த படுக்கை. அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுத்தான் பாக்கியம் லயத்து வீட்டை விட்டுக் கிளம்ப முடியும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஐந்து நிமிடம் பிந்திச் சென்றால் அன்று வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். தண்டவாளத்தில் நடந்தால் கால் மணி நேரம். வீதியால் சுற்றினால் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு மணி முன்னதாக எழுந்தால் என்ன என்று, பெரிய கண்டுபிடிப்பைப் போல நான் ஆலோசனை வழங்கினேன்.

“எழும்பலாம். அப்ப நான் படுக்கிற நேரத்தை ஒரு மணி முன்னுக்குத் தள்ளித் தரச் சொல்லி யாருகிட்ட கேக்கிறது, அண்ணே?”

கோயில் முன்றலில் விரிவுரை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கோயில் முன்றலில் அனைவரையும் கூட்டினேன். மலை ஏறும் வண்டி இரண்டு மலைக்கு அப்பால் வரும்போதே அதன் இரைச்சல் கேட்கும். இறங்கும் வண்டியோ இழுவையின்றி வழுக்கிக்கொண்டு வருவதால், வளைவைத் திரும்பும் வரை அதன் வரவு தெரியாது. மழைக்குத் தலையில் படங்கைப் போர்த்தியவர்களுக்குத் திரும்பிய பின்னும் தெரியாது. ஆகவே காதை நம்பாதீர்கள் என்று முடித்தேன். என் சொல் இறங்கிவிட்டது என்று உள்ளூரப் பெருமைப்பட்டேன். அப்போது வேலையாட்களை மேற்பார்க்கும் கங்காணி எழுந்தார்.

“அப்ப சத்தம் போடாத கோச்சிக்கில்ல நீங்க புத்தி சொல்லணும்? எங்களப் புடிச்சு உக்கார வச்சிருக்கீங்களே!”

மனு

வெட்டுமலையின் மேல் விளிம்பில் ஓர் ஒற்றையடிப் பாதை போட்டால் போதும், எவரும் கீழே இறங்க வேண்டியதில்லை. அதற்குத் தேயிலையில் இரண்டு வரிசை பிடுங்க வேண்டும். தோட்டத்து அலுவலகத்தில் கேட்டேன்; தேயிலையைப் பிடுங்க முடியாது, ரயில் பாதை எங்களுடையது அல்ல என்றனர். எங்கள் ரயில்வே அலுவலகத்தில் கேட்டேன். ரயில் பாதைதான் எங்களுடையது, மேலே உள்ள தேயிலை அல்ல என்றனர். நானே எழுதிய நான்கு பக்க மனுவை அங்கிருந்த எழுதுவினைஞர் முழுவதும் வாசித்தார். அதற்காக இன்றும் அவருக்கு நன்றி உடையேன். வாசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்:

“இதுவரைக்கும் யாராவது செத்திருக்காங்களா, பெரியவரே? ஒருத்தரும் இல்லாம என்னன்னு எழுதி மேலே அனுப்புறது?”

எதிர்த்திசை

என்னைப் பின்தொடர்வதுதானே நோய்? மேலதிகாரியிடம் அனுமதி பெற்று, மறு கோடியிலிருந்து நடக்கத் தொடங்கினேன். வெட்டுமலையின் நடுவில் எட்டுப் பேரும் எதிரே வந்தனர். அன்றுதான் அவர்கள் முகத்தில் அத்தனை நிம்மதியைக் கண்டேன்.

“அந்தக் கோடியில இருந்தே பாத்துக்கிட்டு வந்துட்டீங்கள்ல? இனி கண்ண மூடிக்கிட்டே போகலாம்!” என்றார் பாக்கியம்.

மழைக்காலத்து வெள்ளிக்கிழமை

பின்னால் வந்தால் திரும்பி நின்று விரட்டவாவது முடியும் என்று பழைய திசைக்கே மாறினேன். அந்த வெள்ளிக்கிழமை தூறலும் பனிமூட்டமும். முன்னரே போயிருக்க வேண்டிய இறங்கு வண்டி தாமதமாகியிருந்தது. அதை எங்களில் எவரும் அறியோம். எதிரே வளைவில் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. நான் பின்னால் வந்தவர்களை நோக்கித் திரும்பி, பாதையின் நடுவிலேயே நின்று, சிவப்புக் கொடியை உயர்த்தி, சுவரோடு ஒட்டுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்திவிட்டுக் கடைசி நொடியில் குதித்தேன். ஏழு பேர் ஒட்டினார்கள். நனைந்த தண்டவாளத்தில் வண்டி வெகுதூரம் சென்றே நின்றது. இறங்கி ஓடிவந்த சாரதி, பாக்கியத்தின் கூடை கிடந்த இடத்தைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

எல்லாருக்கும் கேட்ட குரல் பாக்கியத்துக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை என்று, அவருக்கு முன்னால் நடந்த தங்கத்திடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“கேட்டுச்சு, அண்ணே. நான் கையப் புடிச்சு இழுத்தேன். ‘அண்ணன் இன்னும் கோச்சி ரோட்டுலதானே நிக்கிறாரு, நேரமிருக்கு புள்ள’ன்னு சொன்னா.”

வெற்றிடம்

விசாரணை நடந்தது. என்மீது குற்றமில்லை என்று எழுதி, என்னிடமே கையொப்பம் வாங்கினார்கள். இரண்டு வாரம் வெட்டுமலையில் எவரையும் காணவில்லை. பயம் வந்துவிட்டது, இனிப் பிழைத்துக்கொள்வார்கள் என்று எண்ணினேன். மூன்றாம் வாரத் திங்கட்கிழமை எனக்குப் பின்னால் சரளைக் கல் நெரியும் ஓசை கேட்டது. பாக்கியத்தின் கணவருடைய தங்கை. அண்ணனைப் பார்த்துக்கொள்ள வலப்பனையிலிருந்து வந்திருந்தவர். அவருக்குப் பின்னால் அதே ஏழு பேர். என்ன சொல்லித் தடுப்பது என்று நான் சொல் தேடிக்கொண்டிருந்தபோது அவரே முந்திக்கொண்டார்.

“அண்ணனுக்குக் கஞ்சி குடுத்துட்டு வாறதுக்குள்ள நேரமாயிருச்சுங்க. மதினிக்குப் பதிலா என் பேரப் போட்டு இன்னைக்குத்தான் மொதப் பெரட்டு. கொஞ்சம் வெரசா நடங்களேன்.”

இவ்வாறாக, முப்பது ஆண்டுகளில் என் பொறுப்பில் இருந்த பாதைகளில் ஒரு வண்டிகூடத் தடம் புரளாமல் காத்த நான், மனிதர்களை அந்தத் தடத்திலிருந்து ஓரடிகூட விலக்க முடியாமலேயே பாராட்டுச் சான்றிதழுடன் ஓய்வு பெற்றேன்.