அழாத கமலாக்கா

சண்டிலிப்பாய்ப் பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு சிறிய நாடகக் குழுவின் புதிய நாடகத் தொடர் ஆரம்பமாகிறது. பார்க்க வந்தவர்கள் தங்கள் கதையைச் சொன்னால் நடிகர்கள் அதை உடனே நடித்துக் காட்டுகிறார்கள். என் பக்கத்தில் அமர்ந்திருக்கும் கமலாக்கா தொண்டைமானாற்றிலிருந்து இடம்பெயர்ந்தவர். போர்க்காலத்தில் குண்டுகள் விழ விழ, செல்லடிக்குள் வீட்டை விட்டு ஓடிவந்த கதையைச் சொல்கிறார். அவராக நடிக்கும் பெண் மேடையில் விழுந்து புரண்டு அழுகிறாள்.

கமலாக்கா எழும்பிவிட்டார்.

"பிள்ளை, நான் எங்கை அழுதனான்? ஆட்டைக் காணேல்லை எண்டெல்லோ கத்தினனான்!"

சனம் சிரிக்கிறது.

"அப்ப நீங்களே செய்து காட்டுங்கோ அக்கா" என்கிறாள் அந்தப் பெண்.

கமலாக்கா மேடையேறி ஆட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கூப்பிடக் கூப்பிடக் குரல் தழுதழுக்கிறது.

கண்ணைத் துடைத்தபடி வந்து மறுபடி என் பக்கத்தில் அமர்கிறார்.

"அழேல்லை எண்டியள்?" என்று மெல்லச் சீண்டுகிறேன்.

"உது நடிப்பு, தம்பி."