சட்டைப் பையில் இருந்த பல்பு

பேய், அற்புதம் எதையும் நான் நம்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூடக் கடைசி வரிசையில் நின்றுகொண்டே தூங்குகிற ஆள். அதனால் நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அறுபத்தெட்டாம் வருஷமோ அறுபத்தொன்பதோ இருக்கும். மாரண்டஹள்ளியில் வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரே ஒரு பிரேக் லைட்டு. அதன் சிவப்புக் கண்ணாடி உடைந்துபோனதால், திருவிழாவில் மாதா தேருக்கு ஒட்டியிருந்த சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டாக மடித்து ஒட்டிவிட்டாள் என் மனைவி மேரி. அன்றிலிருந்து லைட்டு மங்கல். வயரைச் சுரண்டினேன், பேட்டரியை மாற்றினேன், ஒன்றுக்கும் அசையவில்லை. தாளைக் கிழிக்க மட்டும் அவள் விடவில்லை.

"மாதா தேர்ல இருந்த தாளுங்க. அது மேல கை வைக்காதீங்க. வேற என்ன வேணா பண்ணுங்க."

நிறைமாசக்காரியிடம் யார் வாதாடுவது? பெரிய பல்பாக வாங்கலாம் என்று, மாதிரிக்கு அந்தப் பல்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அவளுக்கு வலி கண்டுவிட்டது. பின் சீட்டில் படுக்கவைத்து, பல்பு நினைப்பே இல்லாமல் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கு விரட்டினேன். பாலக்கோடு தாண்டியதும் கொட்டுகிற மழை, ரோட்டை அடைத்துக்கொண்டு அச்சு முறிந்த கரும்பு வண்டி, பிரேக்கை ஏறி மிதித்து நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் பின்னாலேயே ஒரு லாரி வருகிறது. என் குடும்பமே பின் சீட்டில் கிடக்கிறது. அப்போதுதான் பல்பு ஞாபகம் வந்தது. வந்ததற்குக் காரணம், அது என் நெஞ்சைச் சுட்டது. சத்தியமாகச் சுட்டது.

லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி ஓடிவந்தார்.

"நல்லவேளைங்க, உங்க பிரேக் லைட்டு அவ்ளோ தூரத்துலயே செக்கச்செவேல்னு தெரிஞ்சுது. இல்லாட்டி ஏத்தியிருப்பேன்."

நான் தாளின் ஓரத்தைத் தூக்கி டார்ச் அடித்துக் காட்டினேன். உள்ளே வெறும் ஹோல்டர். அவர் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு, வண்டிக்காரனோடு சேர்ந்து கரும்பு வண்டியை ஓரம் தள்ளி எங்களுக்கு வழிவிட்டார்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் மாதாவுக்கும் சொல்கிறேன், பெயர் தெரியாத அந்த லாரிக்காரருக்கும் சொல்கிறேன். அவர் வேறு எதையோ பார்த்திருப்பார் என்பீர்கள், நானும் அப்படிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்தச் சட்டை இன்னும் பெட்டியில் இருக்கிறது, பையில் பல்பு அளவுக்கு வட்டமாகத் தீய்ந்துபோய். ஒட்டுப் போடலாம் என்று எடுத்தால் மேரி அன்று சொன்னதையேதான் சொல்கிறாள்.

"அது மேல கை வைக்காதீங்க."