டீனுக்குக் கிடைக்காத கதிரை

பிள்ளைகளே, பொறாமைக்கு என்ன நிறம் என்று கேட்டால் நான் சிவப்பு என்பேன். 2009ஆம் ஆண்டு கோயில் பாடகர் குழுவில் இருந்த என் அக்கா போட்டிருந்த அங்கியின் நிறம் அது. எனக்கு அப்போது எட்டு வயது.

லண்டனில் நாங்கள் போய்வந்த பேராலயத்துக்குப் புதிய பிஷப் வரவிருந்தார். அன்றைக்குப் பெரிய கதவைச் சாத்தி வைப்பார்கள். பிஷப் வெளியே நின்று தன் கோலால் தட்ட வேண்டும். பேராலயத்துக்குப் பொறுப்பான குருவான டீன் கதவைத் திறப்பார். பக்கத்தில் நிற்கும் ஒரு பிள்ளை, "நீங்கள் யார், எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்கும். அந்தப் பிள்ளை அக்காதான் என்று முடிவாகிவிட்டது.

அதன்பிறகு எங்கள் இல்ஃபோர்ட் வீட்டில் நான் இருக்கிறேனா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. அம்மா அக்காவுக்குப் புதுச் சப்பாத்து வாங்கினா. அப்பா யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்து எல்லோருக்கும் சொன்னார். எனக்குக் கிடைத்தது, அக்காவின் ஒத்திகைக்காகக் குளியலறைக்கு வெளியே நின்று பிஷப்பைப் போல் கதவு தட்டும் வேலை.

"டேய், பிஷப் இப்பிடியோ தட்டுவார்? திருப்பித் தட்டு."

"ஒருக்கா நான் டீனா நிக்கிறன் அக்கா."

"உனக்கு ஏலாது. டீன் எண்டால் உயரமா இருக்க வேணும்."

அம்மாவிடம் முறையிட்டேன். பிஷப் பெரியவரா, டீன் பெரியவரா என்றும் கேட்டேன்.

"பிஷப் பெரியவர்தான். ஆனா கோயிலைப் பாக்கிறது டீன். அவர் திறக்காட்டிப் பிஷப்பும் வெளியிலதான் நிக்க வேணும்" என்றா அம்மா.

அன்றிலிருந்து நான் டீன் பக்கம்.

அந்த நாள் வந்தது. அக்கா சொல்ல வேண்டியதை மறக்க வேண்டும் என்று கண்ணை மூடி மன்றாடினேன். கதவு தட்டப்பட்டது. டீன் திறந்தார். அக்கா ஒரு சொல்கூடப் பிசகாமல் கேட்டாள். அம்மா கண்ணைத் துடைத்தா.

பிறகுதான் பெரிய அநியாயம் நடந்தது. டீன் பிஷப்பின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், இருப்பதிலேயே உயர்ந்த கதிரையில் அவரை இருத்தினார். சனம் எல்லாம் பிஷப்பைப் பார்த்துக் கை தட்டியது. டீன் பின்னுக்கு நகர்ந்து, ஒரு தூண் ஓரமாக நின்று தானும் கை தட்டினார். எல்லாவற்றையும் பார்த்து நடத்துகிறவர் இவர், கதவைத் திறந்தவரும் இவர். கதிரை மட்டும் வந்தவருக்கு! என் மேசையில் அக்கா இருந்தாலே நான் வீட்டை இரண்டாக்கிவிடுவேன்.

ஆராதனை முடிந்து மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். பிஷப்பைச் சுற்றிக் கூட்டம். அக்காவைச் சுற்றி இன்னொரு கூட்டம். டீன் ஒரு மூலையில் வெறும் கோப்பைகளைச் சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. கிட்டப் போய், என் தட்டில் இருந்த மட்டன் ரோலில் பாதியை நீட்டி, எனக்குத் தெரிந்த மரியாதையான ஆங்கிலத்தில் ஆறுதல் சொன்னேன். கவலைப்பட வேண்டாம், அடுத்தமுறை கட்டாயம் உங்களைத்தான் இருத்துவார்கள் என்றேன்.

அவர் குனிந்து, ரோலை வாங்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

பாவம் மனுசன், அழுகையை எவ்வளவு கெட்டித்தனமாக மறைக்கிறார் என்று நினைத்தேன்.