மூழ்கும் கப்பலும் முப்பது டெசிபலும்

காது டெஸ்ட் எடுக்கிறவர்களுக்கு ஒரே ஒரு ஆசைதான்: வருகிற குழந்தை சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்துவிட வேண்டும். சிம்மக்கல்லில் மொத்தக் கடைகளுக்கு மேலே, மாடியில் இருக்கும் ஒரு சின்ன கிளினிக்கில் பதினோரு வருடமாக இந்த ஆசையோடு உட்கார்ந்திருக்கிறேன். பெரியவர்கள் சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கிவிடுவார்கள். பேச்சு வராத குழந்தைகளுக்குத்தான் நான் கப்பல் விட வேண்டியிருக்கிறது.

கப்பல் என்றால் ஒரு பழைய கார்ட்டூன். ஏழு நிமிடம். மூன்று மாலுமிகள், ஒரு ஓட்டைக் கப்பல், வசனம் கிடையாது. சத்தம் புகாத அறையில் அம்மா மடியில் குழந்தை உட்காரும். இரண்டு பக்கமும் ஒரு ஸ்பீக்கர், ஒரு டிவி. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான். எந்தப் பக்கம் சத்தம் விடுகிறேனோ அந்தப் பக்கம் குழந்தை திரும்பினால், அங்கே கார்ட்டூன் ஓடும். திரும்பியதற்கு அதுதான் கூலி. ஒரே கார்ட்டூனைக் காட்டிக் காட்டிச் சோறூட்டி நொந்துபோன அம்மாமார்களே, உங்களுக்கு நூறு தடவை இருக்குமா? எனக்குக் கணக்கே இல்லை, அதுவும் சத்தத்தை அணைத்துவிட்டு, ஊமைப்படமாக. போன மாதம் யாழினி என்று ஒரு குட்டி வந்து, அவளுக்குக் காது கேட்கிறதா இல்லையா என்று என்னைச் சோறு தண்ணி இறங்கவிடாமல் செய்யும்வரை, அந்தக் கப்பலை நான் சந்தேகப்பட்டதே இல்லை.

மடை திறந்த கேப்டன்

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேரன் சமர்த்தாகத் திரும்பித் திரும்பிப் பார்த்து, பத்து நிமிடத்தில் டெஸ்ட்டை முடித்துக்கொடுத்துவிட்டான். தாத்தாதான் கண்ணாடியை விட்டு நகரவில்லை. படத்தில் கப்பலுக்குள் தண்ணீர் ஏறுகிறது. கேப்டன் யோசிக்கிறார். ஏறிய தண்ணீர் வெளியே போகட்டும் என்று அடித்தளத்தில் இன்னொரு ஓட்டை போடுகிறார். பார்க்கிற குழந்தைகள் எல்லாம் சிரிக்கும் இடம் அது. இவர் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தாரோ இல்லையோ, தண்ணீரை அறிந்தவர். கோபமே வந்துவிட்டது.

"ஏம்மா, கம்மாய்க்குள்ள நின்னுக்கிட்டு மடையத் தொறந்தா தண்ணி எங்குட்டும்மா போகும்? இவனை நம்பி எவன் கப்பலக் குடுத்தான்?"

சத்தம் இல்லாமலே திரும்பியவன்

கீழே வாழைக்காய் மண்டி வைத்திருப்பவரின் மகனுக்குக் கப்பல் ரொம்பப் பிடித்துப்போனது. நான் சத்தம் விடுவதற்கு முன்பே இடது பக்கம் திரும்புவான். படம் இல்லையா? உடனே வலது பக்கம். மறுபடி இடது. இவனுக்கு எது கேட்டது, எது ஆசை என்று பிரிப்பதற்குள் எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அவனுடைய அப்பா கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"காது கேக்குதான்னு பாக்க வந்தோம், இவனுக்குக் கழுத்து சுளுக்கிரும் போலயே மேடம்!"

திரும்பாத தலை

யாழினிக்கு ஒன்றே முக்கால் வயது. மொட்டை போட்டு முடி அப்போதுதான் அரும்பியிருந்தது. அம்மா செல்வராணி தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவர். பிள்ளைக்கு இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. போதாததற்குக் கொஞ்ச நாளாகப் பக்கத்தில் நின்று "இங்க பாரு" என்று கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொல்லி அந்தப் பெண்ணைப் பாதியாக்கியிருந்தார்கள்.

எல்லா அம்மாக்களுக்கும் செய்வதுபோல, செல்வராணிக்கும் ஹெட்போன் மாட்டி அதில் மழைச் சத்தத்தை ஓடவிட்டேன். நான் விடும் சத்தம் அம்மாவுக்குக் கேட்டால், தன்னை அறியாமல் அசைந்து குழந்தைக்குக் காட்டிக்கொடுத்துவிடுவார். "நீங்க அசையக் கூடாது, ஒண்ணும் சொல்லக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியும் விட்டேன். முதலில் ஒரு தடவை படத்தையும் சத்தத்தையும் சேர்த்துக் காட்டினேன். அடுத்து சத்தம் மட்டும். யாழினி தலையைக் குனிந்து மடியில் இருந்த பொம்மையையே பார்த்தாள். இடது, வலது, எண்பது டெசிபல் வரை ஏற்றியும் தலை திரும்பவில்லை. எண்பது என்றால் பக்கத்தில் நின்று கத்துகிற அளவு.

அடுத்த வியாழக்கிழமை இன்னொரு தடவை பார்ப்போம், அப்போதும் இப்படியே இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் தூங்கவைத்து எடுக்கும் டெஸ்ட்டுக்கு எழுதித் தருகிறேன் என்றேன். செல்வராணி அழவில்லை. படியில் இறங்கப் போனவர் திரும்பி வந்து கேட்டார்.

"அவளுக்குக் கேக்கலைன்னா, இம்புட்டு நாளும் நான் தாலாட்டுப் பாடுனது யாருக்கு மேடம்?"

சத்தத்தோடு ஒரு தடவை

அந்தக் கேள்வி நாகமலை புதுக்கோட்டை வரை பஸ்ஸில் என்கூடவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழம்பைச் சிம்மில் வைத்துவிட்டு, கார்ட்டூனை முதல் தடவையாகச் சத்தத்தோடு போட்டேன். படத்தைப் பார்த்ததிலிருந்து அவள் நிமிரவே இல்லையே, இதில் குழந்தையைப் பயமுறுத்த ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

இத்தனை வருடமும் அந்த மாலுமிகள் உயிர்ப்பயத்தில் அலறுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். பார்த்தால், மூன்று பேரும் பாடிக்கொண்டிருக்கிறார்கள்! கேப்டன் விசிலடித்தபடியேதான் ஓட்டை போடுகிறார். நங்கூரத்தை வீசிய ஒல்லி மாலுமி, கயிற்றோடு தானும் கடலுக்குள் போகும்போது ராகம் இழுக்கிறான். பயப்பட அதில் ஒன்றுமே இல்லை. தப்பு படத்தில் இல்லை என்றால், காதில்தான் இருக்க வேண்டும். மூன்றாவது தடவை நான் படத்தைப் போட்டபோது என் வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தினார்.

"பதினோரு வருஷமாச்சு, உன் கப்பல் இன்னுமா கரை சேரலை? குழம்பு கருகுது பாரு."

மாமன் வந்தார்

வியாழக்கிழமை மறுபடி அதே கதை. முதல் தடவை படம் வந்ததுமே தலை குனிந்துவிட்டது. அதற்கப்புறம் நிமிரவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தேன். பேனா ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து, ஆட்டோவை நிறுத்திவிட்டு செல்வராணியின் தம்பி பாண்டி மாடியேறி வந்தார். உள்ளே டிவியில் கப்பல் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"அட, நம்ம கப்பப் படம்!" என்றார். எப்படித் தெரியும் என்றேன். அதற்கு முந்தின மாதம் குலதெய்வம் கோயிலில் யாழினிக்கு மொட்டையடித்துக் காது குத்தியிருக்கிறார்கள். தாய்மாமன் மடியில் குழந்தை. பாண்டி இடது பக்கம் போனை நீட்டி, "இங்க பாரு தங்கம்" என்று இந்தக் கப்பல் படத்தைக் காட்ட, அவள் ஆசையாகத் திரும்ப, ஆசாரி வலது காதில் குத்திவிட்டார். அழுது ஓய்ந்ததும் போனை வலது பக்கம் மாற்றி, இடது காது. செல்வராணிக்கு இதெல்லாம் தெரியாது. பார்க்கச் சகிக்காமல் கோயில் வாசலில் போய் நின்றுவிட்டாராம்.

எழுதிக்கொண்டிருந்த கடிதத்தை மூடிவைத்தேன். மடியில் உட்காரவைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கமாகக் கப்பலைக் காட்டினால் அடுத்து என்ன நடக்கும் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியும். நான் செய்ததும் அட்சரம் பிசகாமல் அதேதான். பாண்டிக்கோ ஒரே பெருமை.

"எம் மருமக ரெண்டு தடவ ஏமாந்துட்டா மேடம். இனி எவன் கூப்புட்டாலும் திரும்ப மாட்டா, வெவரமான புள்ள!"

தூக்கிய கை

டிவி இரண்டையும் அணைத்தேன். ஆனால் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தவளிடம் எப்படிக் கேட்டு வாங்குவது? அப்போதுதான் செல்வராணி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உள்ள இருக்கும்போது நடுநடுவுல என் கட்டைவிரலப் புடிச்சு நசுக்குறா மேடம். நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னீங்கள்ல, அதான் சொல்லலை." வாயைத் திறக்காதே என்று கண்டிப்பாகச் சொன்ன மகராசி நான்தான்.

சத்தம் கேட்டு, குத்தப் போகிறார்கள் என்று பயந்துதான் நசுக்குகிறாளோ? மறுபடி ஹெட்போன், மறுபடி மழை. குழந்தை விரலை நசுக்கினால் மற்றக் கையைத் தூக்குங்கள் என்றேன். இடது பக்கம், குருவி கத்துவதுபோல ஒரு சத்தம், எழுபதில். செல்வராணியின் கை மேலே போனது. வலது பக்கம்: போனது. சும்மாவே கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தேன். கை இறங்கியே இருந்தது. அறுபது, ஐம்பது, நாற்பது. ஒவ்வொன்றுக்கும் கை எழுந்தது. என் பக்கத்தில் நின்ற பாண்டி தடுப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டார். முப்பதுக்கு இறக்கினேன், கிசுகிசுப்பு அளவு. ஒரு விநாடி. கை தூக்கியாயிற்று. மழையைத் தவிர எதுவுமே கேட்காத அந்த அம்மா, மகளுக்குக் கேட்டதை எல்லாம் எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. என் மூக்குக்கண்ணாடியைத்தான் சொல்கிறேன்.

பேச்சு தாமதமாவதற்குப் பயிற்சி இருக்கிறது. காது நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி பாரம் இறங்கியாயிற்று. இதைச் சொல்லத்தான் உள்ளே ஓடி ஹெட்போனைக் கழற்றினேன். ஆனால் சொல்வதற்கு முன்பே சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். என்ன ஏதென்று புரியாமல் என் முகத்தையே பார்த்தார் செல்வராணி.

"கையக் கீழ எறக்கலாமா மேடம்?"

இப்போதெல்லாம் காது எப்போது குத்தினீர்கள், எந்தப் படத்தைக் காட்டிக் குத்தினீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் நான் கப்பலைக் கிளப்புகிறேன்.